எல்எம்358 அவுட்புட் 3.6 வோல்ட்டுக்கு மேல் ஏற மறுக்கிறது, இன்குபேட்டர் பல்பு அணையவே இல்லை

தாராபுரம்_வயரிங்

எல்லாருக்கும் வணக்கம். நான் வீட்டு வயரிங், மோட்டார் ஸ்டார்ட்டர் வேலை பார்க்கிறவன். எலக்ட்ரானிக்ஸ் இப்போதுதான் ஆசைக்குக் கற்றுக்கொள்கிறேன். வீட்டில் நாட்டுக்கோழி இருக்கிறது, அடைக்கு உட்காரும் கோழிதான் போதவில்லை. அதனால் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் 40 வாட் குண்டு பல்பு இரண்டு, பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று வைத்து இன்குபேட்டர் செய்திருக்கிறேன். உள்ளே 37.5 டிகிரி நிற்க வேண்டும்.

இணைப்பு இதுதான். எல்எம்35 வெப்ப சென்சாரின் அவுட்புட், எல்எம்358 என்கிற ஆப்-ஆம்ப்பின் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) 3-ம் காலுக்குப் போகிறது. 1-ம் காலுக்கும் 2-ம் காலுக்கும் நடுவில் 10 கே ரெசிஸ்டர். 2-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 கே. 1-ம் கால் ஆர்டுயினோ யூனோ என்கிற கன்ட்ரோலர் போர்டின் ஏ0-வுக்கு, அதாவது வோல்ட்டேஜ் அளக்கும் காலுக்கு. எல்லாவற்றுக்கும் யூனோவின் 5 வோல்ட்டே சப்ளை. பல்பை ஆன், ஆஃப் செய்யும் ரிலே 5 வோல்ட், பிசி547 ட்ரான்சிஸ்டர் வழியாக ஓட்டுகிறேன், 1என்4007 டயோடு போட்டிருக்கிறேன். எல்எம்35 டிகிரிக்கு 10 மில்லிவோல்ட்தான் தருகிறது, நேராக யூனோவில் கொடுத்தால் அரை டிகிரிக்குக் குறைவான மாற்றம் தெரியாது, அதனால் பத்து மடங்கு பெருக்கிக் கொடு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைத்தான் செய்தேன்.

சிக்கல் இரண்டு. பெட்டிக்குள் வைத்த கண்ணாடி தெர்மாமீட்டர் 30 காட்டும்போது யூனோ 33.4 காட்டுகிறது. அதையாவது கோடில் கழித்துக்கொள்ளலாம். பெரிய தலைவலி அடுத்தது. யூனோ 36.7 வரை ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. உள்ளே தெர்மாமீட்டர் 41-ஐத் தாண்டிப் போகிறது, யூனோ அசையாமல் 36.7 என்கிறது. 37.5 வந்தால்தானே ரிலே விடும்? பல்பு எரிந்துகொண்டே இருக்கிறது. முட்டை இன்னும் வைக்கவில்லை, வெறும் பெட்டிதான். சென்சாரை மாற்றினேன், ஐசியை மாற்றினேன், அதே 36.7. யாராவது வழி சொல்லுங்கள்.


கோவை_சர்க்யூட்

எல்எம்35 போலிச் சரக்காக இருக்கும். இப்போது நிறைய வருகிறது. நல்ல கடையில் வாங்கிப் பாருங்கள் ப்ரோ.


741_பிரியன்

358-ஐ எதற்கு நம்பினீர்கள்? பாலிடெக்னிக்கில் நாங்கள் ஆம்ப்ளிஃபையர், இன்டக்ரேட்டர், ஷ்மிட் ட்ரிக்கர் எல்லாமே 741 என்கிற பழைய ஆப்-ஆம்ப்பில்தான் செய்தோம், ஒன்றும் மக்கர் பண்ணியதில்லை. 741 போடுங்கள், சரியாகிவிடும்.


பழைய_மீட்டர்

தம்பி, இன்னும் எதையும் மாற்ற வேண்டாம். இரண்டு சென்சாரும் இரண்டு ஐசியும் ஒரே எண்ணில் போய் நிற்கின்றன என்றால், கோளாறு பொருளில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. அது வரைக்கும் உங்கள் சோதனை உருப்படியான சோதனைதான்.

பெட்டி 35 டிகிரி இருக்கும்போது மல்டிமீட்டரை எடுத்து நான்கு இடத்தில் வையுங்கள். கறுப்பு முனை ஐசியின் 4-ம் காலிலேயே இருக்கட்டும், யூனோவின் கிரவுண்டு ஓட்டையில் வேண்டாம். சிவப்பு முனையை 8, 3, 2, 1 என்ற வரிசையில் ஒவ்வொரு காலிலும் வைத்து எழுதி அனுப்புங்கள். பிரெட்போர்டின் (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பலகை) ஓட்டையைத் தொடாமல் ஐசியின் உலோகக் காலையே தொட வேண்டும். பிரெட்போர்டு கிளிப் தளர்ந்திருந்தால் ஓட்டையில் ஒன்று காட்டும், காலில் இன்னொன்று இருக்கும்.


தாராபுரம்_வயரிங்

அண்ணா, இதோ. தெர்மாமீட்டர் சரியாக 35.

8-ம் கால் 4.93 வோல்ட்
3-ம் கால் 0.351
2-ம் கால் 0.329
1-ம் கால் 3.62


பழைய_மீட்டர்

அருமை. நோய் இந்த நான்கு எண்ணிலேயே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். நான் நூற்பாலை ஒன்றில் கருவிகள் பழுது பார்க்கிற பிரிவில் இருந்தவன், ஆப்-ஆம்ப் என்றால் எனக்குப் பேச்சு நிற்காது.

முதலில் 2-ம் காலையும் 3-ம் காலையும் பாருங்கள். ஃபீட்பேக் போட்ட, அதாவது அவுட்புட்டை 2-ம் காலுக்குத் திருப்பிக் கொடுத்த, ஆப்-ஆம்ப்பின் ஒரே வேலை, தன் இரண்டு இன்புட்டும் சமமாக இருக்கும்படி அவுட்புட்டை ஏற்றி இறக்குவது. ஃபார்முலா எல்லாம் அதிலிருந்து பிறப்பதுதான். ஆக, ஐசி வேலை செய்கிறதா என்று பார்க்க அவுட்புட்டுக்கு ஓட வேண்டாம், 2-ம் 3-ம் சமமா என்று பாருங்கள். இரண்டு மூன்று மில்லிவோல்ட் வித்தியாசம் என்றால் சரி. உங்களிடம் ஒன்று 351, இன்னொன்று 329. இருபத்திரண்டு மில்லிவோல்ட் பள்ளம். "2-ம் காலை இன்னும் ஏற்ற வேண்டும், ஆனால் என்னால் முடியவில்லை" என்று ஐசி சொல்கிறது. அவுட்புட் போய் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

கூரை எங்கே? எல்எம்358-ன் டேட்டாஷீட்டில் (கம்பெனி தரும் விவரத் தாள்) அவுட்புட் ஸ்விங் என்ற வரியைத் தேடுங்கள். மேல்பக்கம் சப்ளையிலிருந்து சுமார் ஒன்றரை வோல்ட் குறைவாகத்தான் அது வரும். உள்ளே அவுட்புட்டை மேலே தள்ளுகிற ட்ரான்சிஸ்டர்கள் தரகர் கமிஷன் போல அந்த ஒன்றேகால், ஒன்றரை வோல்ட்டை எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தரும். லோடு குறைவாக இருந்தால் கமிஷனும் சற்றுக் குறையும். உங்கள் 4.93-ல் 1.31 போக 3.62. அவ்வளவுதான் விஷயம். ஐசியை எத்தனை மாற்றினாலும் அதே 3.62-தான் வரும், ஏனென்றால் எந்த ஐசியும் கெட்டுப்போகவில்லை.

கீழ்ப்பக்கம் 358 நல்ல பிள்ளை. இன்புட் கிரவுண்டு வரை இறங்கலாம், அவுட்புட்டும் கிட்டத்தட்ட கிரவுண்டு வரை வரும். ஒற்றை சப்ளையில் எல்லாரும் அதைப் போடுவதற்குக் காரணம் அதுதான். வீடியோக்காரர்கள் அந்தப் பாதியைச் சொல்லிவிட்டு மேல்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது 30-க்கு 33.4. உங்கள் கெயின், அதாவது பெருக்கும் மடங்கு, 10 இல்லை தம்பி, 11. இன்புட்டை 3-ம் காலில் கொடுத்தால் கெயின் என்பது 1 கூட்டல் 10 கே வகுத்தல் 1 கே. அந்த ஒன்றைக் கூட்டாமல் வெறும் வகுத்தலை மட்டும் எடுப்பது, சிக்னலை 2-ம் கால் பக்கம் கொடுக்கிற தலைகீழ் ஆம்ப்ளிஃபையருக்குத்தான் பொருந்தும். 30 டிகிரிக்கு 300 மில்லிவோல்ட், 11 மடங்கு 3.3 வோல்ட். இதுவே 33 டிகிரி ஆகிவிட்டது. மீதி 0.4 எங்கிருந்து வந்தது? கோடில் 5.0 என்று எழுதியிருப்பீர்கள். யூனோ தன் சப்ளையைத்தான் அளவுகோலாக வைத்து அளக்கிறது, அது உங்களிடம் 4.93. அளவுகோல் சுருங்கினால் அளந்தது நீளமாகத் தெரியும். 33-ஐ 5-ஆல் பெருக்கி 4.93-ஆல் வகுத்துப் பாருங்கள், 33.4-ம் கொஞ்சமும் வரும். 3.62 வோல்ட்டையும் அதே மாதிரிப் போட்டால் 36.7. உங்கள் யூனோ ஒரு பொய்யும் சொல்லவில்லை.

இதைக் கோடில் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள், வேண்டவே வேண்டாம். இது கூட்டல் பிழை அல்ல, பெருக்கல் பிழை. 30-ல் 3.4 கழித்தால் சரியாக வரும், 20-ல் தப்பும்.

இதில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. 3.62-ஐ 11-ஆல் வகுத்தால் 329 மில்லிவோல்ட், அதாவது நிஜ வெப்பம் 32.9 டிகிரி ஆனபோதே உங்கள் சர்க்யூட்டுக்குக் கண் தெரியாமல் போய்விட்டது. அதற்கு மேல் உள்ளே 40 ஆனாலும் 60 ஆனாலும் ஒரே எண்தான். கெயினைச் சரியாக 10 வைத்திருந்தாலும் 36.2-ல் நின்றிருக்கும். அது இன்னும் மோசம். 35 வரை தெர்மாமீட்டரோடு ஒத்துப்போய் நம்பிக்கை கொடுத்துவிட்டு, முட்டை வைத்த பிறகு கழுத்தறுத்திருக்கும்.


741_பிரியன்

அப்படியென்றால் 12 வோல்ட் சப்ளை கொடுத்தால் தீர்ந்தது. 741-க்கும் அது போதும். இவ்வளவு பெரிய கட்டுரை எதற்கு?


பழைய_மீட்டர்

741-ஐ நான் குறைத்துப் பேசமாட்டேன். ஃபேர்சைல்ட் கம்பெனியில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்து 1968-ல் வந்தது. அதற்கு முன்பிருந்த 709-க்கு வெளியே கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் போட்டு அடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊளையிடும். 741-ல் அந்தக் கெப்பாசிட்டரை உள்ளேயே வைத்துவிட்டார்கள். பாலிடெக்னிக் மாணவன் எப்படி இணைத்தாலும் பொறுத்துப்போனதற்கு அது ஒரு காரணம்.

ஆனால் உங்கள் லேப் மேசையில் கூட்டல் 15, கழித்தல் 15 என்று இரட்டை சப்ளை இருந்திருக்குமே, நினைவிருக்கிறதா? அதை மனதில் வைத்துச் செய்த ஐசி அது. அதன் இன்புட் இரண்டு பக்க சப்ளையிலிருந்தும் இரண்டு மூன்று வோல்ட் தள்ளியே இருக்க வேண்டும், அவுட்புட்டும் இரண்டு பக்கமும் ஒன்று இரண்டு வோல்ட் விட்டுத்தான் நிற்கும். இவர் சென்சார் தருவது கிரவுண்டுக்கு மேல் அரை வோல்ட் கூட இல்லை. ஒற்றை 12 வோல்ட்டில் 741 போட்டால் இன்புட் அதன் எல்லைக்கு வெளியே கிடக்கும். அவுட்புட் ஏதோ ஒரு வோல்ட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது.

358-க்கு 12 வோல்ட் கொடுப்பது வேலை செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்சார் வயர் கழன்றுவிட்டால் என்ன ஆகும்? 358-ன் இன்புட் காலிலிருந்து மிகச் சிறிய கரண்ட், நானோ ஆம்பியர் கணக்கில், வெளியே வழிகிறது. அந்தக் கால் எங்கும் இணையாமல் தொங்கினால் வோல்ட்டேஜ் தானாக மேலே ஏறும், அவுட்புட் உச்சிக்குப் போகும். 12 வோல்ட் சப்ளையில் உச்சி என்பது பத்தரை வோல்ட். அது நேராக யூனோவின் ஏ0-வில் இறங்கும், 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத இடத்தில். ஒரு வயர் கழன்றதற்கு ஒரு போர்டு விலை.

தம்பி, உங்களுக்கு என் யோசனை வேறு. இந்த வேலைக்கு ஆப்-ஆம்ப்பே தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

யூனோவுக்குள் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. அனலாக்ரெஃபரன்ஸ் கட்டளையில் இன்டர்னல் என்று கொடுத்தால் 5 வோல்ட்டுக்குப் பதிலாக அது அளவுகோலாகும். 1.1-ஐ 1024 படியாகப் பிரித்தால் ஒரு படி 1.07 மில்லிவோல்ட், அதாவது 0.1 டிகிரி. எல்எம்35 அவுட்புட்டை நேராக ஏ0-வில் கொடுங்கள். 110 டிகிரி வரை கண் தெரியும், யூஎஸ்பி வோல்ட்டேஜ் ஆடினாலும் கவலையில்லை. இந்த 1.1 என்பது போர்டுக்குப் போர்டு மாறும், 1.0-லிருந்து 1.2 வரை எங்கேயும் இருக்கலாம். அதனால் கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது ஏரெஃப் காலில் மீட்டர் வைத்து உங்கள் போர்டின் எண்ணைப் பார்த்து அதையே கோடில் எழுதுங்கள். அந்தக் காலில் வேறு எதையும் இணைக்காதீர்கள். ரெஃபரன்ஸ் மாற்றியபின் வரும் முதல் சில அளவுகளைத் தள்ளிவிடுங்கள்.

ஆப்-ஆம்ப்பை எடுப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. 358-க்கு ஆஃப்செட் பிழை என்று ஒன்று உண்டு, சாதாரணமாக இரண்டு மூன்று மில்லிவோல்ட், சாதா ரகத்துக்கு டேட்டாஷீட் அனுமதிக்கும் உச்சம் 7. இன்புட் பக்கம் 7 மில்லிவோல்ட் என்றால் 0.7 டிகிரி. நுணுக்கமாக அளக்கப் பெருக்குகிறேன் என்று சொல்லி 0.7 டிகிரி பிழையை உள்ளே விட்டு அதையும் சேர்த்துப் பெருக்குவது என்ன கணக்கு? போதாததற்கு, கடையில் கிடைக்கும் எல்எம்35டி ரகமே அறை வெப்பத்தில் ஒன்றரை டிகிரி வரை தப்பலாம். எந்த வழியில் போனாலும் நல்ல தெர்மாமீட்டரோடு 37 டிகிரியை ஒட்டி ஒப்பிட்டுச் சரிசெய்யாமல் முட்டை வைக்கக் கூடாது.


தாராபுரம்_வயரிங்

அண்ணா, கோடி நன்றி. ஆப்-ஆம்ப்பை எடுத்துவிட்டு 1.1 ரெஃபரன்ஸில் போட்டேன். ஏரெஃப் காலில் 1.083 இருந்தது. இப்போது தெர்மாமீட்டரோடு 0.3 டிகிரிதான் வித்தியாசம், மேலேயும் ஏறுகிறது. 37.5-ல் ரிலே விடுகிறது.

புதுத் தொல்லை ஒன்று. ரிலே ஆன் ஆகும் நொடியில் காட்டும் வெப்பம் 0.7 டிகிரி குதிக்கிறது. உடனே ஆஃப். ஆஃப் ஆனதும் எண் இறங்குகிறது, மறுபடி ஆன். டக்டக்டக் என்று அடித்துக்கொள்கிறது. சென்சாருக்கு ஆறு மீட்டர் வயர் போகிறது, அதனாலா? மனதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆப்-ஆம்ப் கற்றுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன், அதையே கழற்றிப் போட்டாகிவிட்டது. கொஞ்சம் வருத்தம்தான்.


பழைய_மீட்டர்

வருத்தப்படாதீர்கள், அதற்கு நல்ல வேலையாக ஒன்று வைத்திருக்கிறேன்.

முதலில் குதிப்பு. வீட்டு வயரிங் செய்கிறவருக்கு இது சுலபமாகப் புரியும், வோல்ட்டேஜ் ட்ராப்தான். 5 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 70 மில்லி ஆம்பியர் எடுக்கும். அந்தக் கரண்ட் பிசி547 வழியாகக் கிரவுண்டுக்குத் திரும்புகிறது. பிரெட்போர்டில் கிரவுண்டு வரிசையின் நடுவில் ரிலேயின் திரும்பும் வயரைச் செருகி, அதே வரிசையின் கடைசியில் சென்சாரின் கிரவுண்டைச் செருகி, ஒரே ஒரு ஜம்பரில் யூனோவுக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். ஜம்பர், கிளிப் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் இருந்தால் போதும். 70 மில்லி ஆம்பியர் பெருக்கல் 0.1, ஏழு மில்லிவோல்ட். டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் என்கிற சென்சாருக்கு அதுதான் உங்கள் 0.7 டிகிரி. ரிலேயின் கிரவுண்டையும் சென்சாரின் கிரவுண்டையும் தனித்தனி வயராக யூனோ வரை கொண்டுபோங்கள், யூனோவில் கிரவுண்டு கால் ஒன்றுக்கு மேல் இருக்கிறது. சென்சார் தனக்காக எடுப்பது நூறு மைக்ரோ ஆம்பியர்கூட இல்லை, ஆறு மீட்டர் வயரில் அதனால் ஒன்றும் விழாது.

கோடிலும் 37.5-ல் ஆஃப், 37.3-ல் ஆன் என்று ஒரு இடைவெளி விடுங்கள். ஒரே எண்ணில் ஆனும் ஆஃபும் வைத்தால் ரிலேக்கு ஆயுசு இல்லை.

ஆறு மீட்டர் வயருக்கு வேறொரு கவனிப்பு வேண்டும். நீள வயர் என்பது கெப்பாசிட்டர் மாதிரி, எல்எம்35-க்கு அது பிடிக்காது, அவுட்புட் ஆட ஆரம்பிக்கும். சென்சாரின் அவுட்புட் காலிலேயே, வயர் தொடங்கும் இடத்தில், 2 கே ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். டேட்டாஷீட்டே சொல்லும் வழி அது. யூனோ பக்கம் ஏ0-வுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் அளவு இன்னும் அமைதியாக நிற்கும்.

இப்போது ஆப்-ஆம்ப். உங்கள் யூனோ ஹேங் ஆனால், கோடு ஏதோ ஒரு வரியில் சிக்கிக்கொண்டு ரிலே கால் ஹையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? 21 நாள் ஓட வேண்டிய பெட்டி, ராத்திரி முழுக்க யாரும் பார்க்கப்போவதில்லை. கரு 39-ஐத் தாண்டி நீண்ட நேரம் தாங்காது. அதனால் யூனோவைக் கேட்காமலேயே பல்பை அணைக்கிற காவல்காரன் ஒருவன் வேண்டும். 358-க்கு ஏற்ற வேலை அதுதான், ஐசியின் இரண்டு பாதியும் பயன்படும்.

முதல் பாதியை வெறும் ஃபாலோயராகப் போடுங்கள். 1-ம் காலை நேராக 2-ம் காலோடு ஒட்டுங்கள், ரெசிஸ்டர் வேண்டாம். ஏ0-வுக்குப் போகும் சென்சார் வயரிலிருந்தே ஒரு கிளை 3-ம் காலுக்கு. 1-ம் காலில் அதே வோல்ட்டேஜ்தான் வரும், ஆனால் இனி அந்தப் பக்கம் நாம் என்ன இழுத்தாலும் சென்சாரைப் பாதிக்காது.

இரண்டாவது பாதி ஒப்பிட்டுப் பார்க்கிறவன். 1-ம் காலிலிருந்து 10 கே வழியாக 5-ம் காலுக்கு. 7-ம் காலிலிருந்து 5-ம் காலுக்கு 1 மெகா ஓம். 6-ம் காலுக்கு எல்லைக்கோடு: 5 வோல்ட்டிலிருந்து 10 கே, அதோடு தொடராக 5 கே பிரீசெட் (திருப்பி மாற்றக்கூடிய ரெசிஸ்டர்), பிறகு 6-ம் கால், அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 கே. 6-ம் காலில் மீட்டரை வைத்து 385 மில்லிவோல்ட் வரும்வரை பிரீசெட்டைத் திருப்புங்கள். 8-க்கும் 4-க்கும் நடுவில், ஐசியை ஒட்டியே, ஒரு 104.

பெட்டி சுமார் 38.9 டிகிரி ஆனதும் 7-ம் கால் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் குதிக்கும். குதித்த உடனே 1 மெகா ஓம் வழியாக 5-ம் காலை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 3.6 வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு, அதாவது 36 மில்லிவோல்ட். அதனால் பெட்டி 35.3 வரை ஆறிய பிறகுதான் விடும். காவல்காரனுக்கு இந்தப் பிடிவாதம் நல்லது, நீங்கள் காலையில் வந்து பார்க்கும்போது வெப்பம் விசித்திரமாக ஏறி இறங்கியிருப்பது தெரியும். இடைவெளி குறைவாக வேண்டும் என்றால் 1 மெகாவை 3.3 மெகா ஆக்குங்கள்.

7-ம் காலிலிருந்து 10 கே வழியாக இன்னொரு பிசி547-ன் பேஸுக்கு. அதன் எமிட்டர் கிரவுண்டு, கலெக்டர் உங்கள் ரிலே ட்ரான்சிஸ்டரின் பேஸுக்கு. சூடு தாண்டினால் ரிலே ட்ரான்சிஸ்டரின் பேஸ் கிரவுண்டில் அழுந்திவிடும். யூனோ ஹை என்று கத்தினாலும் ரிலே விழும். யூனோவுக்கும் அந்த பேஸுக்கும் நடுவில் 1 கே இருக்கிறதுதானே? இருந்தால் யூனோவுக்கு ஒன்றும் ஆகாது.

இங்கே 3.62 வோல்ட் கூரை ஒரு தொல்லையே இல்லை, பாருங்கள். ஒரு ட்ரான்சிஸ்டர் பேஸைத் திறக்க அது தாராளம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இன்புட் தொங்காமல் இருக்க 3-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 கே போடுங்கள் என்று யாராவது இங்கேயே வந்து சொல்வார்கள். பொதுவாக அது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தப் பெட்டியில் கூடாது. சிக்னல் வயர் அறுந்தால் அந்த 100 கே இன்புட்டைக் கீழே இழுத்து 0 டிகிரி என்று காட்டும், பல்பு நிற்காமல் எரியும். அது இல்லாவிட்டால் கால் தானாக மேலே ஏறி "சூடு" என்று காட்டும், பல்பு அணையும். முட்டை குளிரைக் கொஞ்ச நேரம் பொறுக்கும், சூட்டைப் பொறுக்காது. சென்சாரின் 5 வோல்ட் வயர் மட்டும் அறுந்தால் இந்தத் தந்திரம் உதவாது, அளவு கீழேதான் போகும். அதனால் கோடில் 15 டிகிரிக்குக் கீழே காட்டினாலும் 45-க்கு மேலே காட்டினாலும் ரிலேயை விட்டுவிடு என்று எழுதுங்கள்.


நாட்டுக்கோழி_காங்கேயம்

பழைய மீட்டர் ஐயா சொன்னது எல்லாம் சரி, ஒன்றை மட்டும் நான் சேர்க்கிறேன். நான் இன்குபேட்டர் ஓட்டுகிறவன். பல்பு வைத்த பெட்டியில் முதலில் சாவது ரிலேயின் கான்டாக்ட்தான். குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது பத்து மடங்கு வரை கரண்ட் இழுக்கும், ஒவ்வொரு ஆனுக்கும் ஒரு பொறி. ஒருநாள் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் யூனோவும் 358-ம் காயிலை விட்டாலும் பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும், இரண்டு பேரும் ஒரே ரிலேயை நம்பி இருக்கிறார்களே. கேஎஸ்டி301 என்று சின்ன வட்டத் தெர்மோஸ்டாட் கிடைக்கிறது. 40 டிகிரி, சூடானால் திறக்கிற வகை கேட்டு வாங்கி பல்பின் 230 வோல்ட் வயரில் தொடராகப் போட்டுவிடுங்கள். அதன் கணக்கு சில டிகிரி முன்பின் இருக்கும், அதனால் முதலில் வெறும் பெட்டியில் சூடேற்றி எத்தனையில் திறக்கிறது என்று பாருங்கள். ஃபேன் இந்த வயரில் வரக்கூடாது, அது எப்போதும் ஓட வேண்டும்.


பழைய_மீட்டர்

நூற்றுக்கு நூறு. ரிலே ஒட்டிக்கொள்வதற்கு என் சர்க்யூட்டில் மருந்து கிடையாது. தம்பி, இதைக் கட்டாயம் போடுங்கள்.


தாராபுரம்_வயரிங்

கிரவுண்டைப் பிரித்ததும் குதிப்பு நின்றுவிட்டது அண்ணா. கேஎஸ்டி301 சொல்லி வைத்திருக்கிறேன். காவல்கார சர்க்யூட்டைத் தனியாக இன்னொரு சின்ன பிரெட்போர்டில் போட்டேன். சென்சாரைக் கையில் பிடித்தால் கைச்சூட்டில் 36-ஐத் தாண்டவில்லை, டீ டம்ளரில் ஒட்டி வைத்ததும் 7-ம் கால் டக்கென்று 3.6 போகிறது, ஆறினதும் விடுகிறது. ஆனால் மிச்சம் இருந்த 358-ஐப் பிரெட்போர்டில் தலைகீழாகச் செருகிப் பார்த்தவன் என் தம்பி, அது புகைந்துபோய்விட்டது. பக்கத்து டவுன் கடையில் 358 இல்லை, 393 இருக்கிறது, கால் எல்லாம் ஒன்றுதான், தாராளமாகப் போடலாம் என்கிறார்கள். போடலாமா?


பழைய_மீட்டர்

கால் வரிசை ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. எல்எம்393 ஒப்பீட்டுக்கு மட்டுமே செய்த ஐசி. அதன் அவுட்புட் கீழே இழுக்கத் தெரிந்தது, மேலே தள்ளத் தெரியாது. ஃபாலோயராகப் போட்டால் ஆடித் தீர்த்துவிடும், முதல் பாதிக்கு ஆகவே ஆகாது. இரண்டாவது பாதிக்குப் போடலாம், 7-ம் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கே ஒன்று சேர்த்தால் போதும். ஆனால் ஒரு பாதிக்காக இரண்டு ஐசி எதற்கு? எல்எம்324 இருக்கிறதா என்று கேளுங்கள். 358-ஐப் போன்றதே, உள்ளே நான்கு, 14 கால். 4-ம் கால் சப்ளை, 11-ம் கால் கிரவுண்டு. மற்றபடி 1, 2, 3 அப்படியே முதல் பாதிதான், 5, 6, 7 அப்படியே இரண்டாவது. மிச்சம் இருக்கும் இரண்டையும் சும்மா தொங்கவிடாதீர்கள். 8-ஐ 9-ஓடும், 14-ஐ 13-ஓடும் ஒட்டிவிட்டு, 10-ஐயும் 12-ஐயும் 1-ம் காலோடு சேர்த்துவிடுங்கள்.